மறுமொழி: ஆர்க்னி ஈமக் கட்டடங்களுக்குக் 'கல்லறை' போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுகளில் ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன் புதிய கற்கால உழவர்கள் எழுப்பிய 'சேம்பர்ட் கேர்ன்' (உள்ளே அறை கொண்ட கற்குவியலான ஈமக் கட்டடம்) என்பதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டிருந்தேன். பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாற்பது மடல்களுக்குப் பிறகும் விடை கிட்டவில்லை.

புலவர் ஐயா 'பதுக்கை' என்கிறார். புறநானூற்றின் 'வம்பப் பதுக்கை' அம்பு பட்டு வீழ்ந்தோரை மூடிய கற்குவியல். தொல்லியலார் சொல்லும் கற்பதுக்கையோ பலகைக்கற்களால் அமைத்த பெட்டி. அதன் பலகையில் இடுதுளை எனும் ஓட்டை இருந்தாலும் ஆள் நடமாட இடமில்லை. ஆர்க்னியின் ரூசே தீவிலுள்ள மிட்ஹோ என்ற ஈமக் கட்டடத்திலோ 23 மீட்டர் நீள அறையை, மாட்டுத் தொழுவத்தைத் தடுப்பதுபோல இருபுறமும் நிறுத்திய கற்பலகைகள் பிரிக்கின்றன. இத்தகைய கட்டடங்களுக்குள் மீண்டும் மீண்டும் நுழைந்து, பழைய எலும்புகளை ஒதுக்கிவிட்டுப் புதியவர்களை வைத்தார்கள். அந்த வாசலைக் காட்டாத சொல் எனக்கு உதவாது.

'கல்லறை'யைக் கல் + அறை எனப் பிரித்தால் பொருள் கச்சிதமாக அமைகிறது. 'அறை'யின் வேரைத் தேடி ஒருவர் எழுதிய மூன்று மடல்களையும் சுவைத்தே படித்தேன். ஆனாலும் மாணவர் மனத்தில் எழுவது சிலுவை நட்ட மேடைதான்.

ஆகவே 'இடைகழிக் கல்லறை' என்பேன். ஆர்க்னியின் இன்னொரு ஈமக் கட்டடமான மேஸ்ஹோவின் பத்து மீட்டர் அளவான தாழ்ந்த நடைவழியில் குனிந்தே செல்ல வேண்டும். நடுக்குளிர்காலத்தில் மறையும் கதிரவனின் ஒளி அவ்வழியே புகுந்து பின்சுவரைத் தொடும். இடைகழி யாருக்குப் புரியும் என்போர் தம் வீட்டு ரேழியை நினைத்துக்கொள்ளட்டும். (திருக்கோவலூர் இடைகழியில் மழைக்கு ஒதுங்கிய ஆழ்வார் மூவருக்குத் திருமால் கிடைத்தார், மேஸ்ஹோவில் பனிப்புயலுக்கு ஒதுங்கிய நோர்ஸ் வீரருள் இருவருக்குப் பித்துப் பிடித்தது என்கிறது ஆர்க்னித் தலைவர்களைப் பற்றிய பழைய நோர்ஸ் கதைநூலான ஆர்க்னியிங்கா சாகா.)

மறுப்பு வராவிட்டால் இதையே அனுப்பிவிடுகிறேன்.

---

ஐயா,

மறுப்பு உண்டு. அயர்லாந்தின் நியூகிரேஞ்சு போன்றவற்றைப் 'பாசேஜ் கிரேவ்' (நடைவழி கொண்ட கல்லறை) என்று தனி வகையாகவே வழங்குகிறார்கள். இடைகழியைப் பொதுப்பெயருக்குச் செலவிட்டுவிட்டால் அவ்வகைக்கு எதைச் சொல்வீர்கள்? 'அறைக் கற்குவை' என்றால் ஆங்கிலச் சொல்லின் இரு பகுதியும் நிற்கும்.

---

ஐயா,

'அறைக் கற்குவை' என்றால், அறைந்து உடைத்த ஜல்லிக் குவியல் என்று என் மகள் படிக்கிறாள். குழுவில் ஐவர் இடைகழிக்கு இசைந்துவிட்டதால் அதையே அனுப்பினேன். நியூகிரேஞ்சு அடுத்த இயலில் வருகிறது, அப்போது உங்களிடமே வருவேன்.

---

அடுத்த இயலுக்கும் என் விடை கற்குவைதான்.