குஷனுக்குச் சொல்: மெத்தையா, மீள்பட்டையா?

வணக்கம்.

கோலால் பந்தை அடித்துக் குழியில் விழுத்தும் பூல் மேசை வாங்குவோருக்கான தமிழ்க் கையேடு "குஷன்", அதாவது பந்து பட்டுத் திரும்பும் மேசையோரம், என்ற இடத்தில் முட்டி நிற்கிறது. வரைவில் "மெத்தை" என்றிருந்தது. மெத்தை விழுந்ததை வாங்கிக்கொள்ளும். இதுவோ வந்த பந்தைத் திருப்பி அனுப்புவது. "மீள்சட்டம்" என்று போடலாமா அண்ணை?

---

தம்பி, மெத்தையைத் தூக்கியது சரி. "சட்டம்"தான் இடிக்கிறது. கரம் போர்ட்டில் ஓரச் சட்டமே காயைத் திருப்பி அனுப்பும். அங்கே உங்கள் சொல் பொருந்தும். பூல் மேசையில் அவை இரண்டு பொருள்: சாய்ந்து கைவைக்கிற மரம் ஒன்று, அதன் உட்பக்கம் ஒட்டித் துணி போர்த்த இறப்பர் மற்றது. பழைய மேசையில் முதலில் சாவது இறப்பர். வாங்குபவரோ மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காசை எண்ணுவார்.

ஆகவே மரத்துக்கு "விளிம்புச் சட்டம்", இறப்பருக்கு "மீள்பட்டை". மீள்தன்மை பாடசாலையிலேயே படித்த சொல், விளக்கம் தேவையில்லை.

பந்து தொடும் முனைக்கு "மூக்கு" போதும். மேசைத் தளத்திலிருந்து அதன் உயரம் பந்தின் விட்டத்தில் 63.5 சதவீதம், ஒரு சதவீதம் கூடலாம், குறையலாம். 57.15 மி.மீ. பூல் பந்துக்கு ஏறத்தாழ 36 மி.மீ. மூக்குத் தாழ்ந்தால் பந்து துள்ளும். உயர்ந்தால் பந்தைக் கீழே அமுக்கி வேகத்தைத் தின்னும். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ.தான், அந்த மேசையின் இறப்பரை இதில் ஒட்டினால் கணக்கே பிழைக்கும்.

சோதனையையும் கையேட்டில் சேருங்கள். வெள்ளைப் பந்தை நீளவாக்கில் பலமாக அடித்தால், துள்ளாமல் குறைந்தது நான்கு மேசை நீளமாவது ஓட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பந்து திரும்பாமல் செத்தால் அங்கே பசை விட்டிருக்கும், அல்லது சட்டத்தின் போல்ட் தளர்ந்திருக்கும். சுற்றிவரச் செத்தால் இறப்பர் இறுகிவிட்டது, முழுவதும் மாற்ற வேண்டும்.

---

மீள்பட்டைக்கு உடன்பாடு அண்ணை. ஆனால் வெள்ளவத்தையிலிருந்து கடைக்கு அழைத்து "மீள்பட்டை மாற்ற எவ்வளவு" என்றால் எதிர்முனை விழிக்கும். முதல் தடவை "மீள்பட்டை, அதாவது குஷன் இறப்பர்" என்று எழுதிவிடுகிறேன்.

மேசைத் துணியின் அடியிலுள்ள கல்லுக்குக் "கற்பலகை" வேண்டாம், அரிவரி வகுப்பு ஞாபகம் வரும். "தளக்கல்"?

---

தளக்கல் நல்லது. 25 மி.மீ. தடிப்பு, மூன்று துண்டு, இடைவெளியில் தேன்மெழுகு என்றும் குறியுங்கள். எட்டடி மேசைக்குக் கல் மட்டுமே ஏறத்தாழ 200 கிலோ. மாடிவீட்டுக்காரர் படியையும் லிஃப்டையும் அளந்துவிட்டே முற்பணம் கட்டட்டும். கல்லுக்குப் பதிலாக, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை என்றால் கொழும்பு ஈரத்தில் ஊதும், போல்ட் துளையும் இளகும். பிறகு மீள்பட்டை புதிதாக இருந்தும் பயனில்லை.

துணிக்குக் "கம்பளி" என்று மட்டும் கொண்டுவராதீர்கள். கம்பளி நூலும் நைலோனும் கலந்து நெய்ததுதான், ஆனாலும் வாசிப்பவர் போர்வையை நினைப்பார். துணி துணியாகவே இருக்கட்டும்.