உதவி: மூண்டு விளம்பரத்தையும் தூக்கிப்போட்டாங்கள், காசும் மறிபட்டு நிக்குது

ஓலைப்பெட்டி:
வணக்கம், அவசரம். வெளிநாட்டுத் தளம் ஒண்டில அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமாரும் பின்னுற பனையோலைச் சாமான் போட்டு விக்கிறன். நேற்று இரவு மூண்டு விளம்பரத்தையும் தூக்கிப்போட்டாங்கள். காசு வாங்குற விதியை மீறிட்டனாம். நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. ஏற்கனவே வித்த ரெண்டு கடகத்தின்ர காசும் நிக்குது. கனடாவில ஒரு அக்கா கலியாணத்துக்கு நாப்பது பெட்டி கேட்டிருக்கிறா. என்ன செய்யலாம்?

பரந்தன்சந்தி:
எந்தத் தளம்? விளம்பரத்தில என்ன எழுதினனீங்கள்? காசு ஆற்ற கணக்குக்கு வருது? இது தெரியாம ஒண்டும் சொல்லேலாது.

மாங்குளத்தான்:
தம்பி, இது பேர்ப் பிரச்சினை. எனக்கும் இப்பிடித்தான் நடந்தது. எங்கட ஆக்களுக்கு அப்பான்ர பேர் முன்னுக்கு, தன்ர பேர் பின்னுக்கு. அடையாள அட்டையில முழுப்பேர், வங்கிப் புத்தகத்தில வெறும் முன்னெழுத்து. அவங்கட படிவத்தில முதற்பேர், குடும்பப்பேர் எண்டு ரெண்டு கட்டம். மாறிப் போட்டா அவங்களுக்கு நீங்கள் ரெண்டு ஆள். முதல்ல அதைப் பாருங்கோ.

கரையோரம்:
பேர் பிழைச்சால் காசைத்தான் மறிப்பாங்கள், விளம்பரத்தைத் தொடமாட்டாங்கள். உங்கட கணக்கை வேற நாட்டில இருந்தும் ஆரும் திறக்கிறவையோ? எனக்கு அதிலதான் சந்தேகம்.

ஓலைப்பெட்டி:
தம்பி இல்லை அண்ணை, தங்கச்சி. லண்டனில இருந்து அண்ணா இடைக்கிடை திறந்து பாக்கிறவர். விளம்பரத்தில பிழையா ஒண்டும் எழுதேல்லை. படம், அளவு, விலை, காசு அனுப்புற வழி, அவ்வளவுதான்.

பரந்தன்சந்தி:
அந்தக் "காசு அனுப்புற வழி" எண்டதை எழுதினபடியே இங்க போடுங்கோ.

பழையகல்லா:
மாசத்துக்கு ஒருக்கா இதே கேள்வி வருது. கணக்குத் திறக்கேக்க "ஒத்துக்கொள்கிறேன்" எண்டு அமத்தினது ஆர்? பதினொரு வருசமா விக்கிறன், ஒரு விளம்பரம் போகேல்லை. விதியை வாசிக்கப் பொறுமை இல்லாதவை கடை திறக்கக் கூடாது.

வவுனியாஅக்கா:
அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. அந்த விதி முழுக்க இங்கிலீசில, சட்டத்தரணியள் எழுதின மாதிரிக் கிடக்கு. பிள்ளை தையலுக்கும் ஓலைக்கும் நடுவில நிண்டு இதையும் பாக்குது.

ஓலைப்பெட்டி:
இதுதான் எழுதினது: "லண்டனில் உள்ளவர்கள் அண்ணாவின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போடலாம். கனடா, சுவிஸ் உறவுகள் உண்டியலிலும் அனுப்பலாம். வைபர் இலக்கம் படத்தில் உண்டு." உண்டியல் எண்டது வங்கியில்லாம ஆள்மூலம் காசு மாத்தி அனுப்புறது. தளம் எடுக்கிற கழிவு இல்லாட்டி விலையைக் குறைச்சுக் குடுக்கலாமெண்டுதான்.

பரந்தன்சந்தி:
தங்கச்சி, விசயம் இதுதான். மூண்டு வசனமும் பிழை.

பெரிய தளங்கள் கனக்கத்திலயும் இதில ஒரே போக்குத்தான். ஈபேயை எடுங்கோ. அமெரிக்காவில 2008 கடைசியிலேயே காசோலையையும் மணி ஓடரையும் பெரும்பாலான சாமானுக்கு நிப்பாட்டினவை. இப்ப வாங்குறவர் வங்கி அட்டையால கட்டினாலும் பேபாலால கட்டினாலும் காசு முதல்ல தளத்துக்குப் போய், அங்கயிருந்துதான் விக்கிறவருக்கு வரும். கழிவு ஒரு காரணம், உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. வெளியால அனுப்பின காசுக்குத் தளத்தில பதிவில்லை. கடகம் வந்து சேரேல்லை எண்டு கனடா அக்கா முறையிட்டால் அவங்கள் எதைப் பாத்து அவாவுக்குத் திருப்பிக் குடுக்கிறது? ஏமாத்துறவனும் "வெளியால அனுப்புங்கோ" எண்டுதான் கேக்கிறவன். உங்கட வசனத்தையும் அவன்ர வசனத்தையும் பிரிச்சறிய அவங்களுக்கு வழியில்லை. படத்துக்குள்ள இலக்கம் போட்டதும் வெளியால கூப்பிடுறதாத்தான் எடுபடும்.

காசு நிக்கிறதுக்குக் காரணம் வேற எண்டு நினைக்கிறன். விக்கிற கணக்கு உங்கட பேரில, காசு போற கணக்கு அண்ணான்ர பேரிலயோ?

கரையோரம்:
எல்லாம் சரி, உண்டியலைக் கள்ளனோட சேக்காதேங்கோ. முகாமால வந்து நாங்கள் கொட்டில் போட்டது உண்டியலில வந்த காசில. ஒரு கடுதாசி இல்லை, ஒரு சதம் குறையேல்லை.

பழையகல்லா:
உங்கட கொட்டிலும் வியாபாரமும் ஒண்டில்லை. இலங்கையில 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் எண்டு ஒண்டு கிடக்கு. அனுமதி பெற்ற வழியாலதான் காசு வரவேணும்.

கரையோரம்:
சட்டம் தெரியும். 2022 மார்ச் வரைக்கும் வங்கி ஒரு டொலருக்கு 203 ரூபாயோட நிண்டது, வெளியில அதைவிடக் கனக்கக் குடுத்தவை. அந்த நேரம் அரிசி வாங்கின சனத்திட்டக் கேளுங்கோ.

மாங்குளத்தான்:
சனம் வேணுமெண்டு வேற வழிக்குப் போகேல்லை. பேபாலில இலங்கைக் கணக்கால காசு கட்டத்தான் விட்டவை, வாங்க விடேல்லை. அதாலதான் எங்கட ஆக்கள் லண்டன் அண்ணா, கனடா மச்சான் எண்டு மற்றவையின்ர கணக்கைப் பாவிச்சுப் பழகினவை. ஆனா நான் இப்பவும் சொல்லுறன், பேரைப் பாருங்கோ.

வவுனியாஅக்கா:
உண்டியல் கதையை வேற இழையில வையுங்கோ. பிள்ளை, ரெண்டு வேலை. விளம்பரத்தில காசு பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், வாங்குறவைக்குக் கட்டுற வழியைத் தளமே காட்டும். கனடா அக்காவுக்கும் தளத்துக்குள்ளயே எழுதுங்கோ, நாப்பது பெட்டியையும் ஒரு விளம்பரமாப் போட்டு அதாலயே கட்டச் சொல்லுங்கோ. கழிவை விலையில ஏத்துங்கோ. பின்னுற கைக்கு நட்டம் வரக் கூடாது.

ஓலைப்பெட்டி:
காசு அண்ணான்ர பேருக்குத்தான் போகுது. அதையும் பிழையெண்டு நினைக்கேல்லை.

பரந்தன்சந்தி:
அப்ப அதுதான். உங்கட பேரில, அடையாள அட்டையில இருக்கிற எழுத்தோட, உங்கட சொந்தக் கணக்கைக் குடுங்கோ. மாங்குளத்தான் அண்ணை சொன்ன பேர் விசயம் இந்த இடத்தில சரி.

ஓலைப்பெட்டி:
(நாலு நாள் கழிச்சு)
வசனத்தையும் இலக்கத்தையும் எடுத்தன், ரெண்டு விளம்பரம் திரும்ப ஏறிட்டுது. முல்லைத்தீவில என்ர பேரில வங்கிக் கணக்குத் திறந்திருக்கிறன், சரிபாக்கிறாங்களாம். கனடா அக்கா தளத்தாலயே கட்டிட்டா. ஓலை வாட்டவேணும், போட்டுவாறன். எல்லாருக்கும் நன்றி.

நெடுங்கேணிப்பெடியன்:
அக்கா, எனக்கும் இதே மெயில் வந்திருக்கு, தேன் விக்கிறன். நீங்கள் எந்தத் தளம் எண்டு கடைசி வரைக்கும் சொல்லேல்லை. பாத்தால் சொல்லுங்கோ.