ஓக்லந்து பள்ளிகளின் நிதிப் பற்றாக்குறை: மூடுவதுதான் வழியா?

செலவுக்கணக்கு எழுதியது:
கலிஃபோர்னியாவின் ஓக்லந்து நகரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான ஓக்லந்து பள்ளி மாவட்டம் பற்றாக்குறையில் தத்தளிப்பதற்கு முதற்காரணம், பிள்ளைகள் குறைந்தும் பள்ளிகள் குறையாததே என்பது என் கருத்து. 2000ஆம் ஆண்டையொட்டி 50,000-க்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை இப்போது ஏறத்தாழ 34,000. பள்ளிகளோ ஏறக்குறைய 80. எத்தனை பிள்ளைகள் வந்தாலும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தலைமையாசிரியர், ஓர் அலுவலகம், துப்புரவுப் பணியாளர்கள், கூரை ஒழுகினால் பழுதுபார்ப்பு என்று அடிப்படைச் செலவு இருந்தே தீரும். 2022 பிப்ரவரியில் சில பள்ளிகளை மூடத் தீர்மானித்த, மாவட்டத்தை ஆளும் கல்விக் குழு, 2023 ஜனவரியில் அவற்றில் ஐந்தை மூடுவதில்லை என்று மாற்றிக்கொண்டது. அந்தச் செலவை எங்கிருந்து ஈடுகட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கிழக்கு ஓக்லந்து எழுதியது:
அத்தனை பள்ளிகள் எப்படி வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெரிசல் மிகுந்த பெரிய பள்ளிகளில் தங்கள் பிள்ளைகள் கவனிப்பாரற்றுப் போகிறார்கள் என்று ஏழை வட்டாரப் பெற்றோர் போராடியதால்தான் சிறு பள்ளிகள் பல தொடங்கப்பட்டன. கேட்ஸ் அறக்கட்டளையும் அதற்குப் பணம் கொடுத்தது. கேட்டுப் பெற்றவர்களிடமிருந்தே பிடுங்கும்போது அவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? 2022இல் வெஸ்ட்லேக் நடுநிலைப் பள்ளியின் ஊழியர்கள் இருவர் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூடப்பட்ட பார்க்கர் பள்ளியின் கட்டடத்துக்குள்ளேயே கோடை முழுவதும் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் தங்கிப் போராடினார்கள்.

மிச்சமாகும் தொகையும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இராது. செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போனால் அங்கே ஆசிரியர் வேண்டும். மனம் கசந்து சில குடும்பங்கள், அரசு நிதியில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்குப் போய்விட்டால், அவர்களுக்குரிய மாநில நிதியும் கூடவே போய்விடும்.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியா பள்ளிகளுக்கு நிதி ஒதுக்குவது பதிவேட்டில் உள்ள பெயர்களைக் கொண்டு அன்று. அன்றாட வருகையின் சராசரியைக் கொண்டு. 25 பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் காய்ச்சலில் படுத்தால் ஆசிரியரின் சம்பளமோ மின்கட்டணமோ குறைவதில்லை, மாநிலம் தரும் தொகை மட்டும் 22 பேருக்கானதாகிவிடுகிறது. பெருந்தொற்றுக்குப் பின் வருகை சரிந்தது. ஏழைப் பிள்ளைகளின் வருகை இன்னும் அதிகமாகச் சரிந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியைக் கொள்ளலாம் என்று 2022இல் தந்த சலுகை அடியைத் தள்ளிப்போட்டதே தவிரத் தடுக்கவில்லை. பெரும்பாலான மாநிலங்கள் சேர்க்கை எண்ணிக்கையைக் கொண்டே நிதி தரும்போது இங்கே ஏன் இந்தப் பிடிவாதம்?

வீட்டுக்காரர் எழுதியது:
எங்கே சுற்றினாலும் கடைசியில் வரியில்தான் வந்து நிற்பீர்கள். 2020இல் 73.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு இந்த நகரத்து மக்கள் ஒப்புதல் கொடுத்தோம். அவ்வளவு பணம் கையில் இருக்கும்போது ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதை எப்படி ஏற்பது?

கிழக்கு ஓக்லந்து எழுதியது:
அந்தப் பணம் கட்டடங்களுக்கு மட்டுமே உரியது. அதிலிருந்து சம்பளம் கொடுப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. சம்பளத்துக்கு உதவக்கூடியது மனை ஒன்றுக்கு இவ்வளவு என்று விதிக்கும் பார்சல் வரி. அதை மாவட்டம் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

செலவுக்கணக்கு எழுதியது:
வருகைக் கணக்கை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் முடிவாக வேண்டியது, நம் கல்விக் குழுவின் கையில் இல்லை. 2003இல் மாவட்டம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது மாநிலம் 10 கோடி டாலர் கடன் கொடுத்து, கூடவே ஒரு நிர்வாகியையும் அனுப்பியது. நாம் தேர்ந்தெடுத்த குழுவுக்கு 2009 வரை முழு அதிகாரம் திரும்பவில்லை. அந்தக் கடன் அடைபட்டது 2025இல்தான். நாடு முழுவதற்கும் 19,000 கோடி டாலர் அளவுக்கு வந்த பெருந்தொற்று நிதிக்கும் 2024 செப்டம்பரோடு கெடு முடிந்தது. கசப்பான முடிவை நாமே எடுக்காவிட்டால், நாளை நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையில்லாத ஒருவர் எடுப்பார்.

கிழக்கு ஓக்லந்து எழுதியது:
2003 மறுபடி வரக் கூடாது என்பதில் நானும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் 1978இல் மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை 1 விழுக்காட்டிலும், மதிப்பின் ஆண்டு உயர்வை 2 விழுக்காட்டிலும் கட்டிவைத்ததை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் பேச முடியாது. பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டும் அந்தக் கட்டை அவிழ்க்கக் கேட்ட 15ஆம் முன்மொழிவு 2020இல் 52க்கு 48 என்றுதான் தோற்றது. அதை மீண்டும் கொண்டுவர நாம் உழைக்க வேண்டும். அதற்குள் மூடித்தான் ஆக வேண்டுமென்றால், நிதி நெருக்கடியிலுள்ள மாவட்டங்கள் மூடுவதற்கு முன் பாதிப்பு யாருக்கு என்று ஆராய்ந்து மக்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றட்டும். பட்டியலில் ஒவ்வொரு பள்ளிக்கும் எதிரே, அதன் பிள்ளைகள் இனி எந்தப் பள்ளிக்கு, எந்தச் சாலைகளைக் கடந்து போக வேண்டும் என்பதும், உண்மையில் எவ்வளவு டாலர் மிச்சமாகும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பேசுவோம்.