கோர்வை இல்லாத காஞ்சிப் பட்டு, பவானி பார்க்காத ஜமக்காளம்: உங்கள் அனுபவம் என்ன?

வேகவதி:
தங்கையின் முகூர்த்தப் புடவை. பெரிய கடை, பெயர் வேண்டாம். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. 'அசல் காஞ்சிபுரம் கைத்தறி' என்று விற்பனையாளர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை அதுவரை வாயே திறக்கவில்லை. அவர் வாழ்க்கைப்பட்டது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டில். கரையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"உடல் ஊடை கரைக்குள்ளயும் ஓடுது பாரு. கரைக்குன்னு தனி நாடா போகல. இதுக்குப் பக்கத்துல ஆளே உக்காரலம்மா. விசைத்தறிதான்."

உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாவில் (ஊடை எனும் குறுக்கிழையை ஓட்டும் கருவி) நெய்து கோப்பதுதான் கோர்வை; அதற்கு உதவி ஆள் வேண்டும் என்பது இங்கே பலருக்கும் தெரியும். விற்பனையாளர் கொஞ்சமும் அசரவில்லை. லேபிளைத் திருப்பி, "சில்க் மார்க் இருக்கே மேடம்!" என்றார். பட்டு சுத்தம் என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை. எந்த ஊர், எந்தத் தறி, மூச்சு விடாது. அவர் தெரிந்தே காட்டினாரா என்பதுதான் இன்னும் மண்டையைக் குடைகிறது.

கூடுதுறை:
பட்டுக்காவது அத்தை இருக்கிறார். ஜமக்காளத்துக்கு யார்? 2005-06லேயே பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வந்தாயிற்று. அதற்கும் முன்னால், சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். அதில் முதலில் 22 ரகம் இருந்தது, பிறகு 11 ஆகச் சுருக்கினார்கள். அந்த 11லும் ஜமக்காளம் உண்டு. விசைத்தறியில் ஓட்டவே கூடாது.

ஈரோட்டில் ஒரு கடை வாசலில் 'பவானி ஜமக்காளம்' என்று அட்டை தொங்கியது. அப்பா ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்து விலை கேட்டார். நூல் வாங்குகிற காசே அதைவிட அதிகம். எப்படிக் கட்டுப்படியாகிறது என்றதும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சோலாப்பூர் சரக்குங்க. பவானின்னு சொன்னாத்தான் போகுது" என்றார்.

"நானே பவானிதானுங்க. நெய்யறவன்."

"அப்ப உங்களுக்குத் தெரியாததாங்க!"

கோபமோ வெட்கமோ எதுவும் இல்லை, கூட்டாளியிடம் பேசுவது போலப் பேசினார். (சோலாப்பூர் போர்வைக்குத் தனியாகக் குறியீடு இருக்கிறது. அவர்கள் பெயரை யாராவது போட்டால் சும்மா இருப்பார்களா?)

ஈரிழை:
வேகவதி, உங்கள் அத்தை சொன்னதில் பாதிதான் சரி. கோர்வை இல்லை என்பதாலேயே விசைத்தறி ஆகிவிடாது. ஒற்றை நாடாவில் கைத்தறியிலேயே நெய்கிறார்கள், கூலி குறைவு, விலையும் குறைவு. விசைத்தறியில் நெய்வதே மோசடி என்பது போலப் பேசுவதும் வேண்டாம். ஒதுக்கீட்டில் இல்லாததை அவர்கள் தாராளமாக நெய்யலாம், ஊர்ப் பெயரைத் திருடாத வரை.

என் கதை சின்னது. அக்கா வீட்டில் ஒரு 'காஞ்சி'ப் புடவையின் சரிகையை நகத்தால் சுரண்டினேன். சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை பாலியஸ்டர். அக்கா அப்புறம் அதைக் கட்டவே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் பொடியும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். கைத்தறி முத்திரையையும் சில்க் மார்க்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். முக்கியமாக, பில்லில் 'காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு' என்று எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அந்த ஒரு வரிதான் பேசும். 1999 சட்டப்படி பொய்யாகப் புவிசார் குறியீட்டைப் போட்டால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நெசவாளர்கள் கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக (அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த உரிமை பெற்றவராக) பெயரைப் பதிந்துகொள்வதும் அவசியம். அப்படிப் பதிந்தவர் தாமாகவே வழக்குப் போடலாம். கூடுதுறை, உங்கள் அப்பா பதிந்திருக்கிறாரா?

கூடுதுறை:
இல்லை. பதிந்தாலும் தறியை நிறுத்திவிட்டு கோர்ட்டுக்கு நடக்க முடியுமா? வாய்தா நாளுக்குக் கூலி யார் தருவது?

நூல்கண்டு:
போன வாரம் ஈரிழை சொன்னபடியே செய்தேன். புடவையை எடுத்து முடித்து, பில்லில் 'காஞ்சிபுரம் கைத்தறி' என்று போடச் சொன்னேன். கல்லாவில் இருந்த பெண் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் விற்பனையாளரைப் பார்த்தார். அப்புறம், "கம்ப்யூட்டர்ல 'சாரி'ன்னு மட்டும்தான் சார் வரும்" என்றார்கள். சரி, கையால் எழுதி முத்திரை குத்துங்கள் என்றேன். உடனே பத்து சதவீதம் தள்ளுபடி தர முன்வந்தார்கள். எழுதித் தர மட்டும் மாட்டோம் என்றார்கள்.