டிசம்பர் 25: கர்த்தருக்கா, கடைத்தெருவுக்கா?

பெரேயா வாசகன்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். டிசம்பர் பிறக்கும் முன்பே எங்கள் ஆலயக் கோபுரத்தில் நட்சத்திரம் ஏறிவிட்டது. பத்து ஆண்டுகளாக நான் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. காரணத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

இயேசு பிறந்த நாள் இன்னதென்று சுவிசேஷங்களில் இல்லை. அப்போஸ்தலர்கள் அதைக் கொண்டாடியதாகவும் இல்லை. வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் பார்வோனும் ஏரோதும்தான், பரிசுத்தவான்கள் அல்ல என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே வேத அறிஞர் ஓரிகேன் எழுதினார். கி.பி. 274இல் பேரரசன் அவுரேலியன் 'வெல்லப்படாத சூரியனுக்கு' ரோமில் கோவில் கட்டினான். 354இல் அங்கே தொகுக்கப்பட்ட பஞ்சாங்கச் சுவடியில் டிசம்பர் 25 அந்த வெல்லப்படாதவனின் பிறந்தநாளாகவும் வருகிறது, கிறிஸ்துவின் பிறந்தநாளாகவும் வருகிறது. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் சாட்டர்னாலியா என்ற ரோமப் பண்டிகை: மெழுகுத்திரி, பரிசு, விருந்து. இதில் எது நமக்குப் பழக்கமில்லாதது?

'இந்த ஜாதிகள் தங்கள் தேவர்களைச் சேவித்தபடி நானும் செய்வேன்' என்று சொல்லாதே என்கிறது உபாகமம் 12. அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். அங்கே குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சபையினர் அவிசுவாசிகள் அல்ல. நம்மைவிட அதிகமாக வேதம் வாசித்தவர்கள். இன்று நம் பண்டிகையை ஜவுளிக்கடையும் கேக் கடையும் நடத்துகின்றன. முன்னணையில் கிடத்தப்பட்டவரின் பெயரால் இது நடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தாமிரபரணி:
சகோதரரே, நீங்கள் சொன்ன பஞ்சாங்கத்திலிருந்தே தொடங்குகிறேன். சூரியனின் விழா அந்தத் தேதியில் நடந்தது என்பதற்கும் அதே 354 சுவடிதான் சான்று. கிறிஸ்துவின் பிறப்பும் அதே சுவடியில் இருக்கும்போது, யாரிடமிருந்து யார் எடுத்தார் என்பதை அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. சாட்டர்னாலியாவும் டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இயேசு மரித்தது மார்ச் 25 என்று மேற்கத்திய சபையில் பழைய சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு. இயேசு கருவில் உருவானதும் அதே நாளில்தான் என்று நம்பினார்கள். பேராயர் அகுஸ்தீனும் இதை எழுதியிருக்கிறார். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே ஏப்ரல் 6ஐ வைத்து எண்ணினார்கள்; ஜனவரி 6 வந்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. சூரிய விழாவைத் திருடியிருந்தால் இந்த இரண்டாவது தேதி எப்படி வந்தது? இதுதான் சரியான விடை என்று நான் அடித்துச் சொல்லவில்லை. நீங்கள் தீர்ந்த வழக்காகச் சொல்வது இன்னும் தீரவில்லை என்கிறேன்.

சபைத் தலைவர்கள் கண்ணை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. இந்த நாளை நாம் ஆசரிப்பது சூரியனுக்காக அல்ல, சூரியனைப் படைத்தவருக்காக என்று அகுஸ்தீன் பிரசங்கித்தார். பரிசுத்த பேதுருவின் ஆலயப் படிகளில் நின்று உதிக்கும் சூரியனை வணங்கிய விசுவாசிகளை, ஐந்தாம் நூற்றாண்டில் ரோமாபுரிப் பேராயர் லியோ தம் கிறிஸ்துமஸ் பிரசங்கத்திலேயே கண்டித்தார்.

பெரேயா வாசகன்:
லியோவைச் சொன்னதற்கு நன்றி. அந்தப் பண்டிகை ஏற்பட்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், ஆலயப் படியேறிய கிறிஸ்தவன் திரும்பி நின்று சூரியனுக்குத் தலைவணங்கினான். கலப்பு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பிரசங்கியார் கண்டித்தார், ஆனால் சனங்களை அந்த விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியது யார்?

கூடாரக்காரன்:
தம்பி, நான் ஓய்வுபெற்ற போதகர். உங்கள் வைராக்கியத்தை மதிக்கிறேன். நீங்கள் 'ஸ்தோத்திரம்' என்று எழுதித் தொடங்கினீர்கள். அந்தச் சொல் நம்மிடம் வருமுன் எங்கே ஒலித்தது? தேவன், ஆராதனை, ஆலயம் எல்லாமே கோவில்களில் வழங்கிய சொற்கள். நம் மொழியில் வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் அவற்றை எடுத்து வேறொருவருக்குச் சூட்டினார்கள். வாரந்தோறும் சூரியனின் பெயர் கொண்ட ஞாயிற்றுக்கிழமையில் கூடுகிறோம். 'ஞாயிறு ஆராதனை' என்று நோட்டீஸ் ஒட்டுகிறோம். அதனால் ஒருவரும் ஞாயிற்றை வணங்கிவிடவில்லை.

பண்டிகை விஷயத்தில் எனக்கு ஆறுதலான வசனம் யோவான் 10:22. எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, மாரிக்காலம், இயேசு அங்கே இருக்கிறார். மோசே கட்டளையிட்ட பண்டிகை அல்ல அது. மக்கபேயர் என்ற யூத வீரர்கள் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்ததை நினைத்து யூதர்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்டது. 'இது எழுதப்படவில்லையே, ஏன் கொண்டாடுகிறீர்கள்' என்று அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை.

கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளையும் நினைத்துப் பாருங்கள். வானத்தைப் பார்த்துக் குறி அறிகிற மனிதர்கள். வேதம் கண்டிக்கிற தொழில். அவர்களுக்குத் தெரிந்த அந்த ஒரே வழியிலேயே தேவன் அவர்களைப் பெத்லகேமுக்கு நடத்தினார். நீங்கள் கோபுரத்தில் பார்க்கிற நட்சத்திரம் அதுதான்.

பெரேயா வாசகன்:
ஐயா, சொற்கள் இல்லாமல் பேச முடியாது. பண்டிகை இல்லாமல் விசுவாசிக்க முடியும். இரண்டும் ஒன்றாகாது. யோவான் 10இல் இயேசு சாலொமோனின் மண்டபத்தில் உலாவினார் என்றுதான் இருக்கிறது. பண்டிகை ஆசரித்தார் என்று இல்லை. சாஸ்திரிகளும் வேறு வழியாய்த் திரும்பிப் போனார்கள், பழைய வழியாக அல்ல. ஆனாலும் நீங்கள் சொன்னதை யோசிக்கிறேன்.

ரூத்தின் மகள்:
நான் ரோமாபுரிக்குப் போகவில்லை. என் அப்பா கொத்தனார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இருக்காது. அது முடிகிற நேரத்தில்தான் கிறிஸ்துமஸ் வரும். ஐந்து பிள்ளைகளுக்கும் புதுத்துணி இல்லாமல் அதிகாலை ஆராதனைக்குப் போனால் அம்மாவுக்குத் தலைகுனிவு. வட்டிக்கு வாங்கினார். ஈஸ்டர் வந்தும் அந்தக் கடன் அடையாது. ஒரு வருடம் துணி எடுக்கவே முடியவில்லை. 'காய்ச்சல்' என்று சொல்லி எங்கள் ஐந்து பேரையும் ஆலயத்துக்கு அனுப்பவில்லை அம்மா. இயேசுவின் பிறந்தநாளுக்கு, துணி இல்லை என்பதால் போகாமல் வீட்டில் படுத்திருந்தேன். அதை மறக்கவில்லை. ஆகவே கடைத்தெருவைப் பற்றி வாசகன் அண்ணன் சொல்வது எனக்கு வெறும் வாதமல்ல.

ஆனால் அதே வருடம், அதற்கு இரண்டு நாள் முன்பு, நள்ளிரவு தாண்டிக் கீத பவனி வந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், ஒரு மேளம், பத்துப் பதினைந்து பேர். காணிக்கை போட எங்களிடம் ஒன்றுமில்லை. அம்மா கதவைத் திறக்கத் தயங்கினாள். அவர்கள் வாசலிலேயே நின்று முழுப் பாட்டையும் பாடி, ஜெபித்துவிட்டுப் போனார்கள். மேய்ப்பர்களுக்கு நற்செய்தி வந்ததும் இரவில்தான், வேலைசெய்த இடத்தில்தான். லூக்கா 2ஐ எனக்கு முதலில் விளக்கியவர்கள் அவர்கள்தான்.

இப்போது என் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுப்பதில்லை. பிள்ளைகளிடம் காரணம் சொல்லியிருக்கிறேன். பண்டிகையை விடவில்லை.

தாமிரபரணி:
சகோதரி சொன்னதற்குப் பிறகு தேதி பேசவே கூச்சமாக இருக்கிறது. மீறா ஊர்ப் பேராயர் நிக்கொலாஸ், இரவில் ஒருவருக்கும் தெரியாமல் ஏழைப் பெண்களின் வீட்டுக்குள் பணத்தைப் போட்டார் என்பது பழைய மரபுக்கதை. அவர்தான் இன்று கடைவாசலில் நின்று வாங்கச் சொல்லிக் கூப்பிடும் தாத்தாவாகிவிட்டார். இதற்கு ரோமச் சூரியன் பொறுப்பல்ல. நாம்தான்.

மேய்ப்பர் வயல்:
நாம் இன்று பேசுவது புதிதல்ல. 386இல் அந்தியோகியாவில் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் இதே பண்டிகைக்காக வாதாட வேண்டியிருந்தது. அது அங்கே அறிமுகமாகிப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. புதுமை என்று சிலர் எதிர்த்தார்கள். அவர்களுக்கும் நமக்கும் ரோமர் 14 ஒன்றுதான்: நாளை விசேஷித்துக்கொள்கிறவனும் கர்த்தருக்கென்று, விசேஷித்துக்கொள்ளாதவனும் கர்த்தருக்கென்று. கொண்டாடாதவனைக் குறைத்துப் பேச நமக்கும் அங்கே அனுமதி இல்லை. நான் கொண்டாடுவதற்குக் காரணம் ஒன்றே: வார்த்தை மாம்சமானார். ஆண்டில் ஒரு நாளாவது அதைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்ட வேண்டும். 1223இல் இத்தாலியின் கிரெச்சியோவில் அசிசி பிரான்சிஸ் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தியதும் அதற்காகத்தான்.

பெரேயா வாசகன்:
ரூத்தின் மகள் சகோதரிக்கு: உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். உபாகமம் 12ஐப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. என் வீட்டில் நட்சத்திரம் ஏறாது. ஆனால் எங்கள் சபையில் இந்த டிசம்பரில் 'காய்ச்சல்' என்று வராமல் இருக்கிற பிள்ளைகள் யார் என்று விசாரிக்கப் போகிறேன். பத்து வருடமாக அன்று ஆலயத்துக்கே போகாததால் எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

ரூத்தின் மகள்:
அண்ணா, உங்கள் தெருவுக்குக் கீத பவனி வந்தால் கதவைத் திறப்பீர்களா?

பெரேயா வாசகன்:
திறப்பேன். சுக்குக் காப்பியும் இருக்கும்.