புதுப்பிப்பு: மருகாமேயிலிருந்து கலிஃபோர்னியா போன வீடு

போன வாரம் "ஆணியே இல்லாத வீடு" என்று எழுதியிருந்தேன். ஜப்பானின் மருகாமேயில் ஏறக்குறைய 320 ஆண்டுக்கு முன் கட்டிய ஊர்த்தலைவர் வீட்டைக் கழற்றி, கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் தோட்டத்தில் மறுபடி நிறுத்திய கதை. 2023 அக்டோபரில் திறந்தார்கள்.

முதலில் ஒரு திருத்தம். ஆணியே இல்லை என்றது என் மிகை. தூணும் உத்தரமும் சேரும் மூட்டில்தான் ஆணி தேவைப்படாது. பலகை, கூரை வேலைக்கு அங்கேயும் ஆணி அடிப்பார்கள்.

சரி, மூட்டை எப்படிக் கழற்றுவது? தூணின் துளைக்குள் உத்தரத்தின் நாக்கு போயிருக்கும். குறுக்கே ஒரு மரமுளை. அதை மறுபக்கமிருந்து தட்டினால் மூட்டு விடும். எந்தத் தூண் எங்கே என்ற குழப்பமும் வராது. நாம் அ, ஆ, இ போடுவதுபோல ஜப்பானியத் தச்சர்கள் இ, ரோ, ஹா என்று எழுத்தும் எண்ணும் மையால் எழுதுவது பழைய வழக்கம்.

தூணின் அடி உளுத்திருந்தால்? அந்த அளவுக்கு மட்டும் அறுத்துப் புது மரம் ஒட்டுப்போடுவார்கள்.

மண்சுவர்தான் வம்பு. மூங்கில் பிளாச்சு கட்டி, வைக்கோல் கலந்த மண்ணைப் பூசியது; கழற்றினால் உதிரும். போன இடத்தில் புதிதாகப் பூசி, காயக் காத்திருக்க வேண்டியதுதான்.