ட்ராஃப்டில் எடுத்த பையன் தேறுவானா? எதைப் பார்த்துச் சொல்லலாம்

விங்45

நவம்பரில் ட்ராஃப்ட் (கிளப்புகள் வரிசை முறையில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முடிந்ததும் ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) ரசிகர்கள் கூடுகிற இடமெல்லாம் இதே பேச்சுதான்: நம்ம கிளப் எடுத்த பையன் தேறுவானா? இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்த ஒருவர் "அடுத்த கிரிப்ஸ் இவன்தான்" என்று கார்ல்டன் நட்சத்திரத்தோடு ஒப்பிடுகிறார். எத்தனையாவதாக எடுக்கப்பட்டான் என்ற பிக் எண்ணைப் பார்த்த இன்னொருவர் "இவ்வளவு பின்னால் போனவனா?" என்று ஒதுக்குகிறார். இரண்டையும் மதிப்பீடு என்று ஏற்க முடியவில்லை. ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எதைப் பார்க்கிறீர்கள், எந்த அளவை நம்புகிறீர்கள், எங்கே ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம் என்று விவரமாக எழுதுங்கள். பேச வசதியாக ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம்: விக்டோரியப் பையன், 196 செ.மீ. உயரம், 84 கிலோ எடை, கீ ஃபார்வர்ட் (கோலுக்கு அருகில் ஆடும் உயரமான தாக்குதல் வீரன்), இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவன்.

பின்கோல்

ஹைலைட்ஸை முதலில் மூடிவையுங்கள். அதில் இருப்பதெல்லாம் பந்து கையில் இருக்கும் நேரம். ஒரு ஆட்டத்தில் ஒரு வீரரிடம் பந்து இருக்கும் நேரம் மிகச் சொற்பம். மீதி நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குறைந்தது மூன்று முழு ஆட்டங்கள் வேண்டும். ஒன்று 18 வயதுக்குட்பட்டோர் தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஆடியது. அங்கே எதிரே நிற்பவனும் ட்ராஃப்டுக்கு வரப்போகிறவன். இன்னொன்று அவன் அணி மோசமாகத் தோற்றது. மூன்றாவது மழையிலோ காற்றிலோ ஆடியது. ஜூனியர் போட்டியான கோட்ஸ் டேலண்ட் லீக் ஆட்டங்கள் பல திறந்த மைதானங்களில் நடப்பவை. காற்று ஒரு பக்கமாக அடிக்கும் நாளில் நான்கு கோல் அடித்த ஃபார்வர்டைப் பார்த்தால், அந்த நான்கும் எந்தக் குவார்ட்டர்களில் வந்தன என்று பாருங்கள். காற்றுக்கு எதிராக ஆடிய இரண்டு குவார்ட்டரிலும் அவன் கண்ணில் படவே இல்லை என்றால் அந்த எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துத்தான் மதிக்க வேண்டும்.

ஒளிபரப்பு கேமரா பந்தின் பின்னாலேயே போகும். ஆகவே முடிந்தால் நேரில் போய் கோலுக்குப் பின்னால் நின்று பாருங்கள். கிளப் ஆள்களும் கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோவைத்தான் விரும்பிக் கேட்பார்கள். அங்கிருந்து பார்த்தால் ஃபார்வர்ட் எப்போது ஓடத் தொடங்குகிறான் என்பது தெரியும். மிட்ஃபீல்டர் தலையைத் தூக்கும் அதே நொடியில் கிளம்புகிறவன் நல்லவன். பந்து காலை விட்ட பிறகு கிளம்புகிறவன் உயரத்தை நம்பி ஆடுகிறான். ஜூனியரில் எதிரே நிற்கும் டிஃபெண்டர் 185 செ.மீ. என்பதால் தலைக்கு மேல் பிடித்துவிடுவான். ஏஎஃப்எல்லில் அவனைத் தடுக்க வருகிறவன் 195 செ.மீ., 95 கிலோ. பந்து வருவதற்கு முன்பே உடம்பால் அவனை இடம் பெயர்த்துவிடுவான்.

அடுத்து முழங்காலுக்குக் கீழே வரும் பந்து. உயரமான பையன் குனிந்து ஒரே பிடியில் எடுக்கிறானா, இரண்டு மூன்று முறை தட்டுகிறானா? மார்க் (உதைத்து வரும் பந்தை நேராகக் கையில் பிடிப்பது) தவறும்போது தரையில் விழுந்த பந்தை இரண்டாவது முயற்சியில் துரத்துகிறானா, கையைத் தூக்கி நடுவரைப் பார்க்கிறானா? பந்தைப் பறிகொடுத்த அடுத்த பத்து விநாடியில் அவன் எந்தப் பக்கம் ஓடுகிறான்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் மற்ற எல்லாவற்றையும் விட அதிக மதிப்புக் கொடுப்பேன். பயிற்சியாளர்கள் இளைஞர்களை அணியிலிருந்து நீக்குவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

உதைப்பதில் பந்தைக் கையிலிருந்து விடும் விதத்தைப் பாருங்கள். ட்ராப் பன்ட் என்னும் வழக்கமான உதையில் பந்து தாழ்வாக, நேராக, ஒரே மாதிரி காலில் விழ வேண்டும். மார்பு உயரத்திலிருந்து விட்டால் காற்று அதைத் திருப்பிவிடும். களைப்பு ஏற ஏற மோசமாகும். இது திருத்தக்கூடிய குறை, ஆனால் ஒன்றிரண்டு ப்ரீ-சீசன் பிடிக்கும். கோலுக்கு செட் ஷாட் (ஆட்டம் நின்று, நிதானமாக உதைக்கும் வாய்ப்பு) எடுக்க 30 விநாடிதான். ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் அடிகள் வைத்து ஓடி வருகிறானா என்று எண்ணிப் பாருங்கள். கோலுக்கு 6 புள்ளி, பிஹைண்டுக்கு (நடுக் கம்பங்களைத் தவறவிட்டு ஓரத்தில் போவது) 1 என்னும் ஆட்டத்தில் ஒரு ஃபார்வர்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் விஷயம் இது.

ஸ்டாப்பேஜ்

மிட்ஃபீல்டர்களுக்கு வேற கணக்கு. "28 டிஸ்போசல்" (உதைச்சோ, கையால் குத்தி ஹேண்ட்பாலாவோ பந்தைக் கொடுத்த எண்ணிக்கை) என்றதும் மயங்கிடாதீங்க. அந்த 28ஐ மூணாப் பிரிச்சுப் பாருங்க: அவனே போராடி எடுத்தது எத்தனை, பக்கத்தில் இருந்தவன் ஹேண்ட்பால் கொடுத்து வாங்கினது எத்தனை, டிஃபென்ஸில் யாரும் நெருக்காம சும்மா மாத்தி மாத்தி அடிச்சது எத்தனை. முதல் வகை பத்துக்கு மேல இருந்தா நல்ல அடையாளம். மூணாவது வகை நிறைய இருந்தா சீனியர் லெவலில் அந்த எண்ணிக்கை அப்படியே கரைஞ்சிடும்.

அப்புறம் ட்ராஃப்டுக்கு முன்னாடி நடக்கிற கம்பைன் உடல்திறன் சோதனை எண்கள். 20 மீட்டர் ஓட்டத்தில் 2.95 விநாடிக்குக் கீழே வந்தா நல்ல வேகம். 3.05 சராசரி. ஆனா மொத்த நேரத்தை மட்டும் பார்க்காதீங்க. 5 மீட்டர், 10 மீட்டர் நேரமும் தனியா அளப்பாங்க. ஸ்டாப்பேஜிலிருந்து (நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்குற இடம்) வெடிச்சு வெளியே வர்ற ஆளுக்கு முதல் 5 மீட்டர்தான் முக்கியம், ஓரத்தில் விங் ஆடுறவனுக்குக் கடைசி 10. அஜிலிட்டி சோதனையில் சுமார் 8.2 விநாடி நல்லது. 2 கி.மீ. ஓட்டத்தை 6 நிமிஷம் 10 விநாடிக்குள்ள முடிச்சா என்ஜின் இருக்குன்னு அர்த்தம். மிட்ஃபீல்டர் 7 நிமிஷம் தாண்டினா கேள்வி கேட்கணும். ஓடி வந்து குதிக்கும் உயரம் 85 செ.மீ.க்கு மேல இருந்தா உயரமான பையனுக்குப் பெரிய சொத்து.

இதெல்லாம் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். கேலப் டேனியல் 168 செ.மீ. உயரம்தான். 2014 ட்ராஃப்டில் 46ஆவது பிக். உயரத்தைப் பார்த்து ஒதுக்கினவங்க அவரோட உதையையும் முடிவெடுக்கும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கலை. 2016இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கோப்பை ஜெயிச்ச அணியில் அவர் ஆடினார். லாச்சி நீல் 2011இல் 58ஆவது பிக். சீசனின் சிறந்த வீரருக்கான ப்ரௌன்லோ மெடல் ரெண்டு தடவை, 2020, 2023. டேன் ஸ்வானும் 2001இல் அதே 58தான், 2011இல் ப்ரௌன்லோ. பிக் எண்ணை வெச்சு ஒரு பையனைத் தள்ளுறவங்க இந்த ரெண்டு பேரையும் நினைச்சுக்கணும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு இன்னொண்ணு. பையன் பிறந்த மாசம் பாருங்க. அந்த வருஷம் டிசம்பர் 31க்குள்ள 18 வயசு ஆகணும்ங்கிறதுதான் விதி. அப்போ ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே ட்ராஃப்டில் வருவாங்க, ஏறக்குறைய ஒரு வருஷ வளர்ச்சி வித்தியாசத்தோட. 16 வயசிலேயே தாடி முளைச்சு எல்லாரையும் இடிச்சுத் தள்ளினவனுக்கு அந்தச் சாதகம் 20 வயசில் இருக்காது.

ரக்மேன்211

காலக்கெடு பற்றி யாரும் சொல்லவில்லையே. இடத்துக்கு இடம் மாறும்.

மிட்ஃபீல்டர் முதல் ஆண்டிலேயே நிலைக்கலாம். சாம் வால்ஷ் 2018இல் முதல் பிக்காகக் கார்ல்டனுக்கு வந்தார். 2019இல் 22 ஆட்டமும் ஆடி சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கினார். சிறிய ஃபார்வர்டுக்கு ஒன்றிரண்டு ஆண்டு. கீ ஃபார்வர்டுக்கும் கீ டிஃபெண்டருக்கும் மூன்று, நான்கு. ரக் (நடுவர் எறியும் பந்தைத் தட்டும் மிக உயரமான வீரர்) என்றால் ஐந்து ஆண்டு பொறுக்க வேண்டும். மேக்ஸ் கான் 2009இல் 34ஆவது பிக். முதல் ஆட்டம் 2011இல், சீசனின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் முதல்முறை இடம் 2016இல். இரண்டாம் ஆண்டிலேயே அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருந்தால் எவ்வளவு தவறாகியிருக்கும்!

மறுபக்கம் ஜாக் வாட்ஸ். 196 செ.மீ., 2008இல் முதல் பிக். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோதே 2009 குயின்ஸ் பர்த்டே ஆட்டத்தில் காலிங்வுட்டுக்கு எதிராக மெல்பர்ன் இறக்கியது. உடம்பு தயாராகாத உயரமான பையனை அத்தனை பெரிய கூட்டத்தின் முன் நிறுத்தியது கிளப்பின் பிழை என்பதே என் உறுதியான கருத்து. பையனின் வாய்ப்பை மதிப்பிடும்போது கிளப்பையும் சேர்த்து மதிப்பிடுங்கள்: அவன் இடத்தில் இப்போது ஆடுகிறவருக்கு என்ன வயது, முதல் டிஃபெண்டரைத் தன்மேல் இழுத்துக்கொள்ள இன்னொரு பெரிய ஃபார்வர்ட் இருக்கிறாரா, பந்தை முன்னால் கொண்டுவரும் மிட்ஃபீல்டு இருக்கிறதா?

ஃபாதர்-சன் முறையில் வந்தவர்களின் பிக் எண்ணை நேராக ஒப்பிடாதீர்கள். தந்தை அந்தக் கிளப்புக்காக 100 ஆட்டம் ஆடியிருந்தால், வேறு கிளப் ஏலம் கேட்கும் இடத்தில் தன் பிக்குகளின் மதிப்புப் புள்ளிகளைக் கொடுத்து மகனை எடுத்துக்கொள்ளலாம். அந்த எண் மற்றவர் எப்போது கேட்டார் என்பதைத்தான் காட்டும்.

முருக்கம்பூ

வணக்கம் அண்ணைமார். உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுறன், எல்லாரும் மறக்கிற விசயம் அதுதான்.

84 கிலோவில வாற பெடியனைப் பார்த்து உடனே 95 ஆக்க வேணும் எண்டு நினைக்கிறது பிழை. ஒரு ப்ரீ-சீசனுக்கு 3, 4 கிலோ போதும். அதுக்கு மேல ஏத்தினால் ஓட்டம் குறையும், முழங்கால் தசைநாரும் முதுகும் நோகத் தொடங்கும். பள்ளிக்கூடத்தையும் கிளப்பையும் பார்த்துக்கொண்டு கிழமைக்கு ரெண்டு மூண்டு பயிற்சி செய்தவன் திடீரெண்டு முழுநேர வீரன் ஆகிறான். அந்த மாற்றத்திலதான் தொடைப் பின்தசை கிழியிறது, இடுப்பு முன்பக்க எலும்பு அழற்சி, முதுகிலயும் பாதத்திலயும் நுண்ணிய எலும்பு முறிவு எல்லாம் வருது. நல்ல கிளப் புதுப் பெடியனுக்கு ஓடுற தூரத்தை எண்ணிக் குடுக்கும். டிசம்பரில அவன் தனியா ஓரமா ஓடுறதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒரு பெரிய காயத்தை விட, ஒரே இடத்தில திரும்பத் திரும்ப வாற காயம்தான் கவலை. முழங்காலுக்குள்ள இருக்கிற ஏசிஎல் தசைநார் அறுந்தால் 9 முதல் 12 மாதம், ஆனால் திரும்பி வரலாம். சார்லி கர்னோ முழங்காலால 2020 முழுக்க ஆடேல்லை. 2022இலயும் 2023இலயும் கூடின கோல் அடிச்சவருக்கான கோல்மன் மெடல் எடுத்தவர். ஒவ்வொரு வருசமும் அதே பின்தசை மூண்டு தரம் இழுத்தால் அங்கை ஓடுற விதத்திலயே ஏதோ பிழை இருக்குது.

வீட்டையும் பாருங்கோ. பெர்த் பெடியன் மெல்பர்னுக்கு வந்தால், ஒப்பந்தத்தின்ர கடைசி வருசத்தில திரும்பிப் போற கதை கட்டாயம் எழும்பும். கிளப் ஆக்கள் ட்ராஃப்டுக்கு முதல் வீட்டுக்குப் போய்த் தாய் தேப்பனோட கதைக்கிறது அதாலதான்.

பின்கோல்

முருக்கம்பூ சொன்னது அத்தனையும் சரி. அந்த 196 செ.மீ. பையனுக்கே திரும்பி வருகிறேன். முதல் ஆண்டில் அவன் ஏஎஃப்எல்லில் ஆடாவிட்டால் குறையில்லை, அடுத்த நிலைப் போட்டியான விஎஃப்எல்லில் பாருங்கள். ஜூலைக்குள் பார்க்க வேண்டியவை இவை. எத்தனை கோல் என்பதை விட்டுவிட்டு, எத்தனை முறை பந்துக்காகக் குதித்தான், அதில் எத்தனை முறை பிடிக்காவிட்டாலும் பந்தைத் தரைக்காவது கொண்டுவந்தான் என்று எண்ணுங்கள். எதிரணி இடைமறித்து இன்டர்செப்ட் மார்க் எடுக்க விட்டால் அது அவன் கணக்கில் எழுதப்படும். நான்காம் குவார்ட்டரிலும் முதல் குவார்ட்டர் போல லீட் (டிஃபெண்டரை விட்டு விலகிப் பந்தை நோக்கி ஓடுவது) ஓடுகிறானா? ஃபார்வர்ட் 50க்குள் (தாக்கும் கோலிலிருந்து 50 மீட்டருக்குள்) டேக்கிள் இருக்கிறதா? சில ஆட்டங்களில் ரக்கிலோ டிஃபென்ஸிலோ மாற்றி நிறுத்தினால் பதற வேண்டாம், டிஃபெண்டர் எப்படி யோசிக்கிறான் என்று கற்றுக்கொடுக்கவும் அப்படிச் செய்வார்கள். ஆனால் இரண்டாம் ஆண்டு முழுவதும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், அவனை எங்கே வைப்பது என்று கிளப்புக்கே தெளிவில்லை.

முதல் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே, இரண்டாம் ஆண்டு நடுவிலேயே நீட்டித்தால் உள்ளே இருப்பவர்கள் நம்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் தாண்டியும் பேச்சில்லை, அதே உயரத்தில் இன்னொரு பையனை மிட்-சீசன் ட்ராஃப்டில் எடுத்திருக்கிறார்கள் என்றால் நிலைமை நன்றாக இல்லை. அப்போதும் வேறு கிளப்பில் வழி உண்டு. வயது கூடியவர்களையும் கிளப்புகள் எடுக்கும். டாம் ஸ்டூவர்ட்டை ஜீலாங் எடுத்தபோது அவருக்கு 23 வயது, 40ஆவது பிக்.

விங்45

இந்த அளவுகளை வைத்து மார்ச்சில் விஎஃப்எல் பயிற்சி ஆட்டங்களைப் பார்க்கப்போகிறவர்கள் குறிப்பெடுத்து இங்கேயே போடுங்கள். குதித்த எண்ணிக்கை, தரைக்குக் கொண்டுவந்த எண்ணிக்கை, நான்காம் குவார்ட்டர் லீட், இந்த மூன்றும் இருந்தால் போதும். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.